கன்னையாவின் கைப்பிரேக்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் முதன்முதலில் கார் வாங்கியவர் கன்னையா. எங்கள் வரிசையிலேயே பெரிய பயந்தாங்கொள்ளியும் அவர்தான். இது இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் தும்மினால் என் வீட்டிலிருந்து ‘நூறு’ என்று குரல் போகும். அவ்வளவு நெருக்கம். எனக்கே அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய ரொம்ப நாளானது.

கன்னையாவுக்கு ரயில்வே ஸ்டோரில் கிராணி உத்தியோகம், கணக்கு எழுதுகிற வேலை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பாசாரில் தேங்காயை ஆட்டிப் பார்த்து வாங்குவார். வாங்கிக்கொண்டு வரும் வழியிலும் ஆட்டிப் பார்ப்பார். அவர் மனைவி நல்லம்மாள் இதற்கு நேர் எதிர். எதையும் ஒரு தடவைதான் செய்வாள், செய்வதை முழுக்கச் செய்வாள். அந்த முழுக்கச் செய்கிற குணம்தான் ஒருநாள் எங்கள் எல்லோரையும் எமன் வாசல்வரை கொண்டுபோய் விட்டது.

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன காலம் அது. தோட்டங்கள் ஓய்ந்து துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறினார்கள். அப்படிப் போன ஒருவர் விட்டுச்சென்ற பழைய கார்தான் கன்னையாவிடம் வந்தது. மேலே கான்வாஸ் கூரை, பக்கத்தில் கண்ணாடி கிடையாது, பின்சக்கரங்களில் மட்டும்தான் பிரேக். இடதுபுறக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். மழை பெய்தால் வண்டிக்கு இருமல் வரும். எல்லாவற்றையும்விடக் கைப்பிரேக்தான் பெரிய வேடிக்கை. அது பிடிக்கும், ஆனால் நிற்காது. கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பல் தேய்ந்துபோய்விட்டதால், கையால் இழுத்துப் பிடித்திருக்கும் வரைதான் வண்டி நிற்கும்; கையை விட்டால் கம்பி மறுபடி கீழே போய்விடும். அந்தப் பல் சீமையிலிருந்து வரவேண்டும் என்று மெக்கானிக் சொன்னான். அது வருவதற்குள் கன்னையா ஒரு செங்கல்லைத் தேடிக்கொண்டார். வண்டி நின்றதும் நல்லம்மாள் இறங்கிச் செங்கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பாள். அவள் வைத்துவிட்டு “ம்” என்று சொன்ன பிறகுதான் அவர் கம்பியிலிருந்து கையை எடுப்பார்.

அவர் வண்டி ஓட்டும் அழகைப் பார்க்கச் சுற்றுப்புறக் கம்பத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் ரோட்டோரம் வந்து நிற்பார்கள். மாட்டுவண்டிக்காரன் ஒதுங்கி வழிவிட்டு, “போங்கண்ணே, போங்க” என்று கை காட்டுவான். இவர் போகமாட்டார். ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடிப்பார், எதிரே ஒரு கோழிகூட இல்லாவிட்டாலும். மேடு வந்தால் உச்சியில் வண்டியை நிறுத்துவார். பிரேக்கை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். வண்டியில் பின்னால் பார்க்கக் கண்ணாடி இல்லாததால் அந்த வேலை எனக்கு. பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, “லோரி வருது”, “சைக்கிள் வருது” என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். கழுத்து வலி எனக்கு, கார்ப் பெருமை அவருக்கு.

“இவ்வளவு பயம் இருக்கிற மனுஷனுக்கு எதுக்குய்யா கார்?” என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேவிட்டேன்.

“தனத்தைக் கிள்ளான்ல குடுத்திருக்கேனே, இருதயம்,” என்றார் என் பேரைச் சொல்லி. “அவளுக்கு ஒண்ணுன்னா நான் ஓடணும். ரயிலு அதோட நேரத்துக்குத்தானே வரும்?”

ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவர் சொல்லுகிற பேச்சா இது என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தனலெட்சுமி அவருக்கு ஒரே பெண். அந்த வைகாசியில் கிள்ளானில் வாசுவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வாசு துறைமுகத்தில் கிடங்குக் கிராணி. துடிப்பான பையன், கொஞ்சம் தலைக்கனம். தீபாவளி வந்தபோது தனம் நாலு மாதம்.

தலைத்தீபாவளிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துவரக் கன்னையா முதல்நாளே கிள்ளான் போனார். நானும் போனேன், கண்ணாடி வேலைக்கு. வாசுவின் தாயார் தங்கமணியம்மாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“நாலு மாசப் புள்ளத்தாச்சிய இந்த வண்டியிலயா ஏத்தப் போறீங்க? ரயில்ல கூட்டிட்டுப் போங்க சம்மந்தி.”

கன்னையாவின் முகம் சுருங்கிப்போயிற்று. பெண்ணைத் தன் வண்டியில் அழைத்துப் போகவேண்டும் என்று எத்தனை நாள் ஆசை. இரண்டு கைகளையும் நீட்டினார். “என் கையாலயே ஓட்டிக்கிட்டுப் போயி, என் கையாலயே கொண்டாந்து விடறேன் சம்மந்தி. ஸ்டியரிங்க வேற யாரும் தொடமாட்டாங்க. இது சத்தியம்.”

அந்த அம்மாள் வண்டியைப் பார்த்தார், கதவில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார், தனத்தைப் பார்த்தார். “புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அப்புறம் அவளை உங்க வாசலுக்கு அனுப்பமாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கன்னையா அன்று பிரிக்பீல்ட்ஸ்வரை ஓட்டிய வேகத்தில் நான் இரண்டு தடவை தூங்கி எழுந்தேன்.

நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். தீபாவளியன்று என் வேலை பக்கத்து வீட்டுப் பலகாரத்தைச் சாப்பிடுவது. விடிந்ததும் அங்கே போனபோது எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல் முடிந்திருந்தது. வாசலில் காரைப் பார்த்ததும் கண் கூசியது. பானட்டிலிருந்து சக்கரம்வரை பளபளவென்று, நெற்றியில் சந்தனம், குங்குமம். நல்லெண்ணெய் மணம் தெரு முழுக்க.

“என்னம்மா, வண்டிக்கும் தலைத்தீபாவளியா?” என்றேன்.

“இதுவும் இந்த வீட்டுப் புள்ளதாண்ணே,” என்றாள் நல்லம்மாள். “நமக்கு மட்டும் எண்ண வெச்சிக்கிட்டு இத சும்மா விட்டா நல்லாவா இருக்கும்? உச்சியிலேருந்து பாதம் வரைக்கும் வெச்சுவிட்டேன்.”

“சீயக்காய்?”

“சீயக்காய் தேய்ச்சா பெயிண்ட் போயிடும்ல. எண்ணெய மட்டும் விட்டு வெச்சிட்டேன்.”

விழுந்து விழுந்து சிரித்தோம். உள்ளே மாப்பிள்ளைக்குப் புது வேட்டியும் சரிகைத் துண்டும் கொடுத்துக்கொண்டிருந்த கன்னையாவும் சிரித்தார். அன்றைக்கு அவர் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைக் கவனிப்பதா, வண்டியைக் கவனிப்பதா?

துண்டைக் கொடுத்துவிட்டு முறைப்படி கேட்டார், “வேற என்ன வேணும் மாப்ளே, கூச்சப்படாமக் கேளுங்க.”

கேட்கவேண்டியது முறை. தலைத்தீபாவளி மாப்பிள்ளை கேட்டதை இல்லை என்று சொல்லக்கூடாது என்பதும் முறை. மோதிரம் கேட்பான், கைக்கடிகாரம் கேட்பான் என்று வீடே காத்திருந்தது. அவர் அதற்குத் தயாராகவும் இருந்தார்.

வாசு வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னான்: “ஒண்ணும் வேணாம் மாமா. திரும்பிப் போறப்ப வண்டிய நான் ஓட்டறேன்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. கன்னையா என்னைப் பார்த்தார். நான் பலகாரத் தட்டைப் பார்த்தேன்.

“உங்களுக்கு... லைசென்ஸ்...”

“இருக்கு மாமா. ஆபீஸ் லோரிய நானே ஓட்டியிருக்கேன். இது என்ன, பொம்ம வண்டி.”

சம்மந்திக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மாப்பிள்ளையின் மனம் இன்னொரு பக்கம். மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு போனால் கஷ்டப்படப்போவது தனம். கடைசியில் கன்னையா, “அதுக்கென்ன மாப்ளே,” என்றார். அன்று மத்தியானம் அவர் இலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் கிளம்பினோம். ஸ்டியரிங்கில் வாசு, சரிகைத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. அவனுக்கு இடதுபக்கம் கன்னையா. பின்னால் நல்லம்மாள், நடுவில் தனம், ஓரத்தில் நான், என் மடியில் முறுக்கு டின். நல்லம்மாளின் காலடியில் செங்கல். வண்டி நகர்வதற்கு முன்பே கன்னையாவின் வலதுகை கைப்பிரேக் கம்பிமேல் போய் உட்கார்ந்துகொண்டது.

“மாமா, கைய எடுங்க, கியர் போட இடிக்குது,” என்றான் வாசு.

எடுத்தார். கியர் போட்டதும் மறுபடி வைத்துக்கொண்டார்.

பங்சார் பக்கம் பிள்ளைகள் ரோட்டில் பட்டாசைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஓடினார்கள். வாசு பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது, ஆனால் நினைத்த இடத்தைத் தாண்டி நின்றது.

“கொஞ்சம் வழுக்குற மாதிரி இருக்கே மாமா.”

கன்னையா நிமிர்ந்து உட்கார்ந்தார். “வழுக்குதா? அப்படி வழுக்காதே. ஓரமா நிறுத்துங்க மாப்ளே, இறங்கிப் பார்த்துடலாம்.”

“பழைய வண்டின்னா அப்படித்தான். நீங்க பயப்படாதீங்க.”

அதற்குப் பிறகு ஊரைத் தாண்டிக் கிள்ளான் ரோட்டில் போனபோது நிறுத்தவேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். வாசு வேகத்தைக் கூட்டினான். காற்றில் கான்வாஸ் படபடத்தது. கன்னையா ஓட்டினால் எங்களைத் தாண்டிப் போகும் சைக்கிள்களை எல்லாம் நாங்கள் தாண்டிப் போனோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நன்றாகத்தான் இருந்தது. தனம்கூட அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டு வந்தாள். கன்னையா மட்டும் முதுகு சீட்டில் படாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலதுகால் தரையை மிதித்துக்கொண்டே இருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அங்கே பிரேக் கிடையாது.

பாதி வழிக்குமேல் ஒரு மேடு வரும். ஏறி இறங்கினால் கீழே ரயில் கேட். வண்டி மேட்டில் ஏறும்போதே கன்னையா ஆரம்பித்தார்.

“மாப்ளே, மேல ஒரு தடவ நிறுத்தி, பிரேக்க மிதிச்சுப் பார்த்துட்டு இறங்குவோம்.”

“மாமா, இப்படி நின்னு நின்னு போனா, கிள்ளான் போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த தீபாவளி வந்துடும்.”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். கன்னையா திரும்பி மகளைப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளையின் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். வண்டி உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்தது.

கீழே கேட் மூடிக்கொண்டிருந்தது. சிவப்புக் கொடியோடு ஒரு ஆள். கேட்டுக்கு முன்னால் அன்னாசிப்பழம் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் ரயில் ஊதிற்று.

வாசு பிரேக்கை மிதித்தான். வண்டி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி மிதித்தான். பின்சக்கரங்களிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“மாமா,” என்றான். அந்தக் குரல் சின்னப் பிள்ளையின் குரல். “மாமா, புடிக்கல.”

பயத்தில் அவன் இரண்டு காலையும் அழுத்தினான். கிளச்சும் அமுங்கிவிட்டதால் எஞ்சினின் பிடியும் போய், வண்டி இன்னும் வேகமாக உருண்டது. நல்லம்மாள் “முருகா” என்று மகளின் வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்து மூடினாள். எனக்கு மாதா பெயர்கூட வாயில் வரவில்லை. செத்தோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஒரு குரல் கேட்டது. கன்னையாவின் வாயிலிருந்துதான் வருகிறது என்று எனக்கு உடனே புரியவில்லை.

“டேய்! இடது கால எடுடா! எடுடா மடையா! கிளச்ச விடு! நேராப் புடி, திருப்பாத!”

வாசு காலை எடுத்தான். வண்டி உறுமிக்கொண்டு குலுங்கியது. கன்னையா காலை முன்பலகையில் ஊன்றிக்கொண்டு, கைப்பிரேக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார். எங்கோ இரும்பு கிறீச்சிட்டது. தீய்ந்த நாற்றம் வந்தது. அன்னாசிப்பழங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவற்றின் முள் தெரிந்தது. மாடு தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது.

வண்டி நின்றது. பானட்டுக்கும் மாட்டுவண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது. எங்களுக்கு முன்னால் ரயில் போனது.

முதலில் இறங்கியது நல்லம்மாள். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தாளோ, பழக்கத்தில் செய்தாளோ, செங்கல்லை எடுத்துப் போய்ச் சக்கரத்துக்கு அடியில் வைத்து “ம்” என்றாள். கன்னையா கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. விரல்கள் கம்பியைச் சுற்றி அப்படியே இறுகிப்போயிருந்தன. தனம் முன்னால் குனிந்து, “விட்டுடுங்கப்பா, நின்னுடுச்சு, எனக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

சக்கரத்தின் பக்கம் குனிந்த நல்லம்மாள் நிமிரவே இல்லை. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஒரு இரும்பு உருளை இருக்கும். அதை வெளியிலிருந்து சுற்றிப் பிடிக்கிற பட்டைதான் கால் பிரேக். அந்த உருளை எண்ணெயில் மின்னிக்கொண்டிருந்தது.

“இங்கயும் வெச்சேண்ணே,” என்றாள். “துரு ஏறிக் கிடந்துச்சு. பாவமா இருந்துச்சு. ரெண்டு பக்கமும் நல்லாத் தேய்ச்சு வெச்சேன்.” ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். கைப்பிரேக் உருளையின் உள்பக்கமாகப் பிடிக்கிறது. அங்கே அவள் விரல் போக வழியில்லை. அந்த அளவுக்கு ஆண்டவர் காப்பாற்றினார்.

கன்னையா அவளைத் திட்டவில்லை. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. வாசுவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசு இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லாலாங் புல்லோரம் போய் நின்றிருந்தான். வண்டியில் வந்ததைவிடப் பெரிய பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. தலைத்தீபாவளி மாப்பிள்ளையை, பெண்டாட்டி முன்னால், டேய் என்றும் மடையா என்றும் சொல்லியாயிற்று. இதைவிடச் சின்னப் பேச்சுக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுப் படி மிதிக்கவிடாத குடும்பங்கள் எனக்குத் தெரியும். ரயில் ஸ்டேஷனும் பக்கத்தில்தான். “வா தனம்” என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“மாப்ளே...” கன்னையா ரத்தக் கையைக் குவித்தார். “அவசரத்துல வாய் தவறி... நாளும் கிழமையுமா...”

வாசு திரும்பினான். முகம் வெளுத்திருந்தது. நேராகப் பின்சக்கரத்திடம் வந்தான். கழுத்திலிருந்த சரிகைத் துண்டை உருவினான். மாமனார் அன்று காலையில் போட்ட துண்டு. வண்டியோடு எப்போதும் வரும் பெட்ரோல் டின்னைத் திறந்து அதை நனைத்து, மண்டியிட்டு உட்கார்ந்து உருளையைத் துடைக்க ஆரம்பித்தான். “மாப்ளே, அது புதுத் துண்டு” என்றார் கன்னையா. அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். இரண்டு சக்கரத்தையும் துடைத்து முடித்தபோது துண்டில் சரிகை எது, துணி எது என்று தெரியவில்லை. எழுந்து போய்த் தனத்துக்குப் பக்கத்தில், நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

கன்னையா காயத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். சமதரையில் நிறுத்தி மிதித்துப் பார்த்தார். பிடித்தது. அப்புறமும் நிறுத்தி மிதித்துப் பார்த்தார். அன்று ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. வாசு என்ன நினைக்கிறான் என்று தெரியவில்லை. இப்போது முன்சீட்டில் இருந்த நான் அடிக்கடி திரும்பிப் பார்த்தேன், லோரி வருகிறதா என்று பார்க்கிற மாதிரி.

கிள்ளானில் தங்கமணியம்மாள் வாசலில் காத்திருந்தார். விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது. மருமகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மகன் கையில் சுருட்டியிருந்த கறுத்த துண்டைப் பார்த்தார். கன்னையாவின் கைக்கட்டைப் பார்த்தார்.

“யாரு ஓட்டிக்கிட்டு வந்தது?”

கன்னையா பொய் சொல்லத் தெரியாத மனுஷன். உண்மையைச் சொன்னால் சத்தியம் போச்சு, மாப்பிள்ளையும் மாட்டிக்கொள்வான். “சம்மந்தி, அது வந்து...” என்று ஆரம்பித்தார்.

“நான்தாம்மா ஓட்டினேன்,” என்றான் வாசு. “நான்தான் கேட்டு வாங்கி ஓட்டினேன்.”

அந்த அம்மாள் கன்னையாவின் பக்கம் திரும்பினார். அவர் தலை குனிந்துகொண்டார்.

“நிறுத்தினது மாமா,” என்றான் வாசு. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முகமெல்லாம் கரியாயிற்று.

தங்கமணியம்மாள் மருமகளின் கையைப் பிடித்து உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். கன்னையாவின் கைக்கட்டைத் தானே அவிழ்த்தார்.

“நீட்டுங்க சம்மந்தி,” என்றார். அவர் இரண்டு கைகளையும் நீட்ட, அந்த அம்மாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை ஊற்றினார்.